ஹோம் தியேட்டரில் நாலு பேர்

"எத்தினி பேரு உக்காந்து பாப்பீங்க சார்?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு ஏழுமலை கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் நான் பொய் சொன்னேன்.

"நாலு பேரு."

ஏழுமலை திண்டிவனத்துக்காரர். வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பவர். என் வீட்டுக்கு அவர் வருவது இது ஆறாவது முறை. எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகிற செட்டை வாங்கியிருந்தால் ஒரு முறையோடு முடிந்திருக்கும். நானோ தனித்தனியாகச் சேர்க்கிற ரகம். முதலில் எல்லாவற்றுக்கும் மூளையான ரிசீவரும் முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும். அப்புறம் வசனம் தெளிவாகக் கேட்க நடுவில் ஒன்று. பிறகு முதுகுப் பக்கம் இரண்டு. தரை அதிர ஒரு சப்வூஃபர். அது போதாதென்று அதைவிடப் பெரிசாக இன்னொன்று. இப்போது முன் ஸ்பீக்கர்களுக்கென்றே ஒரு தனி பவர் ஆம்ப்ளிஃபயர்!

இத்தனையும் யாருக்கு? மனைவி கமலா புனேயில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள்... மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஆம்ப்ளிஃபயரை இணைத்ததும் ஒலியை அறைக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு குட்டி மைக் இருக்கிறது. உட்காரும் இடத்திலெல்லாம் அதை வைத்து அளவெடுப்பார்கள். அப்போது ஹாலில் மூச்சு விடக்கூடாது. நானும் ஏழுமலையும் சமையலறையில் போய் நின்றோம். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'ஊய்ங்' என்று கூவின. நடுநடுவே ஏழுமலை போய்ச் சோபாவில் மைக்கை இடம் மாற்ற மாற்ற, நான் மனசுக்குள் ஆளை உட்கார வைத்தேன் — இது கமலா, இது மகன், இது மருமகள். கடைசியாக, நான் எப்போதும் உட்காரும் மூலை நாற்காலி.

முடிந்ததும் ஒரு படத்தைப் போட்டார். இடி இடித்தது. என் நாற்காலியில் அது தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருந்தது.

ஏழுமலை வந்து குனிந்து கேட்டுப் பார்த்தார். நாலு இடத்துக்கும் பொதுவாக மெஷின் கணக்குப் போட்டதில் இந்த மூலை அடிபட்டுவிட்டது என்றார். மற்றவர்கள் எப்போதாவதுதான் பார்ப்பார்கள் என்றால் இந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் ஒலியைச் சரிசெய்து வைத்துவிடலாமாம்.

காலி சோபாவைப் பார்த்தேன்.

"இதுக்கே வைங்க ஏழுமலை. நான் ஒருத்தன்தான்."

அவர் மைக்கை நாற்காலிக்கு நகர்த்தினார். மறுபடியும் சமையலறை, மறுபடியும் 'ஊய்ங்'. இந்த முறை ஒலி பிரமாதம்! மழைக் காட்சியில் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

காபி கொடுக்கும்போது, அடுத்து மேற்கூரையில் இரண்டு ஸ்பீக்கர் போடலாமா என்று கேட்டேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்த ஹாலுக்கு இது போதும் சார். நீங்க வாங்குனா எனக்கு வேலைதான், வேணாங்கல. ஆனா உங்க காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பேசிக்கினு இருக்க ஆள் வேணும்னா போன் பண்ணுங்க, இந்தப் பக்கம் வரும்போது எட்டிப் பாக்குறேன்."

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் நிஜம்தானே? ஒரு பெட்டி வந்தால் காலிங் பெல் அடிக்கும். அரை நாள் ஹாலில் மனுஷக் குரல் இருக்கும். நான் அப்கிரேடு செய்துகொண்டிருந்தது சவுண்டையா என்ன?

அவர் பஸ் ஏறப் போனதும் கமலாவுக்கு போன் செய்தேன். வழக்கம்போல, சாப்பிட்டீர்களா என்றாள். வழக்கமாக நான் புது ஸ்பீக்கர் கதையை ஆரம்பிப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"தனியா இருக்க முடியல கமலா."

"நீங்க உங்க செட்டோட சந்தோஷமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேன்."

பேத்திக்குப் பள்ளி லீவு விட்டதும் கிளம்பி வருகிறாளாம். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஹால் அப்படியேதான் கிடக்கிறது.

ஆறு தடவை ஆள் வைத்து ஸ்பீக்கர்களைப் பேச வைத்தேன்... நான் பேசியது இப்போதுதான்!