இருமல் பாணி

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் நின்று றஸாக்கின் வீடு எங்கே என்று கேட்டால், எந்த றஸாக் என்று திருப்பிக் கேட்பார்கள். ஐஸ் றஸாக் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளையும் கை நீட்டி வழி காட்டும். தோணிக்காரர்களுக்கும் மீன் லொறிகளுக்கும் ஐஸ் போடுகிறவர் அவர். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கட்டிகளை இறக்கி, உமி போட்டு மூடி வைப்பார். கேட்டவர்களுக்குக் கேட்ட அளவில் உடைத்துக் கொடுப்பார். கலியாணத்துக்கு முந்தியே தொடங்கிய தொழில். மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட ‘ஐஸ் மாப்பிள்ளை உருகப் போறார்’ என்று பகிடி பண்ணினார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு ஊருக்குள் இன்னொரு ஐஸ் வந்தது, போதை ஐஸ். அதைக் கட்டியாக இறக்குவதில்லை, உமி போட்டு மூடுவதுமில்லை. அதைப் பாவித்த பெடியன்கள் கண் குழி விழுந்து, உம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருநாள் தெரியாத ஒருவன் றஸாக்கின் போனுக்குக் கோல் எடுத்தான்.

“காக்கா, ஐஸ் இரிக்கா?”

“இரிக்கி. எத்தின கட்டி வேணும்?”

“கட்டி என்னத்துக்கு காக்கா? சின்னப் பக்கட் ஒண்டு காணும்.”

விளங்கியபோது அவருக்கு முகம் சுட்டது. இன்னொரு நாள் வழியில் லொறியை மறித்த பொலிஸ்காரரிடம், “ஐஸ் ஏத்திட்டுப் போறன் சேர்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உமியையெல்லாம் றோட்டில் கொட்டிக் காட்ட வேண்டி வந்தது. கடைப் பெயர்ப்பலகையில் ஐஸை அழித்துப் பனிக்கட்டி என்று எழுதினார். ஊரில் ஒரு குஞ்சாவது அப்படிக் கூப்பிட்டதா? இல்லை.

அதனால்தான் பள்ளிவாசல் போதை ஒழிப்புக் குழுவில் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். பெயரைக் கழுவ அதைவிட நல்ல தண்ணீர் அவருக்குக் கிடைக்கவில்லை. நல்ல காரியம்தான், மனமும் நல்லதுதான். ஆனால் மைக் கையில் கிடைத்தால் மனிதர் விடமாட்டார். ஜும்ஆ முடிந்ததும் அவர் எழும்பினால், பின் வரிசையில் சோற்றுப் பசியோடு இருக்கிறவர்கள் செருப்பைத் தேடுவார்கள். குழுத் தலைவர் பஸால் ஹாஜியார் மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். ‘ஒரு சொட்டு வீட்டுக்குள்ள வந்தாலும் அந்த வாப்பாக்கு ஊருல மொகமில்ல’ என்பது றஸாக் வழக்கமாக முடிக்கும் வசனம். வெளியில் கட்டிய ஒலிபெருக்கி அதைக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோகும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அவருடைய வீட்டுக்குள் அது இன்னும் நன்றாகவே கேட்கும்.

அந்த வீட்டில் அவருடைய ஒரே மகள் இன்ஷிரா கட்டிலில் படுத்திருந்தாள்.

நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் வந்தபோது, பாடசாலையில் விழுந்திருப்பாள் என்று உம்மா ஸம்ஸியா எண்ணெய் பூசி உருவிவிட்டாள். எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மஹரகமை ஆஸ்பத்திரிக்கும் கல்முனைக்கும் இடையில் வருடம் ஒன்று ஓடிப்போனது. கடைசியில் டொக்டர் தாயையும் தகப்பனையும் இருத்திவைத்து ஆறுதலாகக் கதைத்தார். நோயைத் துரத்த இனி மருந்தில்லை, ஆனால் நோவைத் தணிக்க மருந்து இருக்கிறது, பிள்ளை வீட்டில் உம்மா வாப்பாவோடு நோவில்லாமல் இருக்கட்டும், உங்கள் ஊருக்கே ஆள் வந்து பார்க்கும் என்றார். றஸாக்கின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவர் சிவக்கொழுந்து மிஸ்ஸி. ஓய்வு வயதை நெருங்கிய தாதி. பெரிய நோயில் கிடக்கும் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சின்னக் குழு ஒன்றில் வேலை செய்கிறவர். முதல் நாளே ஒரு பாணி மருந்துப் போத்தலையும் ஊசியில்லாத சிரிஞ்சி ஒன்றையும் மேசையில் வைத்தார். றஸாக் லேபிளை எழுத்துக் கூட்டி வாசித்தார். மோர்பின்.

“மிஸ்ஸி, இது… அந்தச் சாமானெல்லோ?”

“தம்பி, அது வேற, இது வேற. டொக்டர் அளந்து குடுத்த மருந்து. நோவு வந்த பிறகு ஓடித் திரியக்கூடாது. வர முந்தி, நேரத்துக்கு நேரம் குடுக்கோணும்.”

“பழகிட்டா?”

“பிள்ளைக்கு இருக்கிற நாளில நோவில்லாம இருக்கட்டும் தம்பி. பழகுறதப் பத்தி யோசிக்கிற நேரமா இது?” பிறகு குரலைத் தணித்து, “ஒங்கட வீடு மட்டுமில்ல. நற்பிட்டிமுனையில ஒரு கைக்குழந்தை, திருக்கோவில் பக்கம் ரெண்டு பேர். வரவரக் கூடிக்கொண்டுதான் போகுது, எங்களுக்கு ஓடி முடியல. எல்லா வீட்டிலயும் கதவைச் சாத்திக்கொண்டு, தங்களுக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைக்கிறாங்க” என்றார். போகும்போது ஸம்ஸியாவின் கையைப் பிடித்து, “நீங்க நித்திர கொள்ளுறீங்களா?” என்று கேட்டார். ஸம்ஸியாவிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மிஸ்ஸியின் ஸ்கூட்டி முடுக்குத் திரும்பியதும் றஸாக் முதலில் செய்த வேலை, லேபிளை ஈரப்படுத்திச் சுரண்டி எடுத்தது. போத்தலை ஹோல் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய இடுப்பு பெல்ட்டுக்குப் போனது.

“ஆரும் கேட்டா இருமல் பாணி எண்டு சொல்லு” என்று பெண்சாதியிடம் சொன்னார். “கத்தி அழுதா மட்டும் குடுப்பம். அதுவும் சொன்னதில பாதி காணும்.”

“மிஸ்ஸி நேரத்துக்கு நேரம் எண்டு சொன்னா.”

“மிஸ்ஸிக்கென்ன? ஊருக்குள்ள மொகம் குடுக்கிறது நானெல்லோ.”

பிள்ளை அழுதால் ஜன்னலைச் சாத்துவார். அவர் கடைக்குப் போகும்போது சாவியும் கடைக்குப் போகும். ஸம்ஸியா போன் எடுத்து, “பிள்ள அழுறா, வாங்க” என்பாள். “லொறி நிக்கிது, ஏத்திட்டு வாறன், ஸலவாத்து ஓதி ஊதிவிடு” என்பார். வந்து சேரும்போது பிள்ளை அழுது களைத்துக் கிடப்பாள். ‘சும்மாதானே இரிக்கா’ என்று மறுபடி பூட்டிவிடுவார். இது கல்நெஞ்சு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். பிள்ளைக்கு ஆறு மாம்பழம் வாங்கிவந்து, அது ஒரு துண்டும் தின்னவில்லை என்று கடைக்குள் இருந்து கண்ணைத் துடைக்கிற மனிதர்தான்.

கொஞ்ச நாளில் இன்ஷிரா அழுவதை விட்டுவிட்டாள். அப்படியே நின்றுபோனது. கேட்டால், “நோகல்ல வாப்பா” என்பாள். றஸாக்குக்கு நெஞ்சு குளிர்ந்தது. நோய் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “அல்லாஹ் என்ட புள்ளைக்கு ஸபுறக் குடுத்திரிக்கான், பெரியாக்களுக்கும் இந்தப் பொறும வராது” என்று சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அதை மைக்கிலும் சொன்னார். எந்தச் சாமானும் இல்லாமல் ஒரு சின்னப் பிள்ளை அல்லாஹ்வின் பெயரால் நோவைத் தாங்குகிறது, வாலிபர்களே உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டார். பின் வரிசைக்காரர்கள்கூட அன்று செருப்பைத் தேடவில்லை.

அடுத்த முறை வந்த சிவக்கொழுந்து மிஸ்ஸி போத்தலைக் கேட்டு வாங்கி, லேபிள் போன இடத்தையும் மருந்தின் அளவையும் பார்த்தார்.

“மருந்து குறையவே இல்லையே தம்பி?”

“நோவில்ல மிஸ்ஸி. அவவே சொல்லுறா, கேட்டுப் பாருங்க.”

மிஸ்ஸி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். கூடிய கெதியில் திரும்பவும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே அசர் தொழுகைக்குப் பிறகு ஒருநாள் வந்தார். அந்த நேரம் பார்த்து பஸால் ஹாஜியாரும் குழுவில் இருக்கிற இன்ஸாப்பும் நோய் விசாரிக்க வந்து ஹோலில் இருந்தார்கள். மேசையில் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சையும். றஸாக் அவர்களுக்குத் தேத்தண்ணி சொல்ல உள்ளே வந்தவர், பிள்ளையின் அறைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். உள்ளே மிஸ்ஸியின் குரல்.

“சட்டைக் கழுத்தெல்லாம் பிய்ஞ்சிருக்கே. ஆர் கடிச்ச?”

பிள்ளை கையைப் பொத்திப் போர்வைக்குள் வைத்தாள்.

“கையை விரிங்க பாப்பம். நகம் குத்தின காயம். உதட்டுக்கு உள்ளேயும் புண். மகள், கால் நோகுதா?”

“மெல்லமாக் கதைங்க மிஸ்ஸி. வெளிய ஆள் இரிக்கி.”

“நோகுதா எண்டு கேட்டன்.”

“ஓம்.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

“சொன்னா அந்த மருந்தத் தருவாங்க. அது கெட்ட சாமான். உம்மாவும் வாப்பாவும் சண்ட புடிக்கக்குள்ள கேட்டன்.” பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “வாப்பா மைக்கில சொன்ன. ஒரு சொட்டு வந்தாலும் வாப்பாக்கு ஊருல மொகமில்லயாம். நான் குடிச்சா எங்கட வாப்பாக்கும் மொகம் இல்லாமப் போகும். மறுகா நான் பொறுத்தா வாப்பாக்கு சந்தோஷம். அதையும் மைக்கில சொன்ன.”

கட்டில் கால்மாட்டில் நின்ற ஸம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரைச்சீலைக்கு வெளியே நின்ற றஸாக்குக்கு, நிற்கிற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது. ஸபுறு, ஸபுறு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே. துணியைக் கடித்துக்கொண்டு கிடந்ததையா சொன்னார்? அல்லாஹ் கொடுத்ததென்று யாரிடம் பெருமையடித்தாரோ அவர்கள் ஹோலில்தான் இருக்கிறார்கள். அதைக் கொடுத்தது அல்லாஹ் அல்ல, ஐஸ் றஸாக். தன் பெயரைக் கழுவ அந்தப் பிள்ளையைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். வெட்கம் என்றால் என்னவென்று இத்தனை நாளும் ஊருக்குப் படித்துக் கொடுத்த மனிதருக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

மருந்தை எடுக்க வேண்டும். அலுமாரி இருப்பது ஹோலில், ஹாஜியாரின் கதிரைக்குப் பின்னால். சாவியை உருவினார். அலுமாரியைத் திறந்து லேபிளில்லாத போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பஸால் ஹாஜியார் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“என்ன மருந்து றஸாக் அது?”

நாக்கு பழகிப்போயிருந்தது. மனம் அங்கே உடைந்து கிடக்க, அது தன்பாட்டில் சொல்லிவிட்டது.

“இருமல் பாணி ஹாஜியார்.”

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்ஷிரா இருமினாள்.

இந்த நோய் தொடங்கியதிலிருந்து அந்தப் பிள்ளை இருமியதே இல்லை. இப்போது இருமினாள். இருமல் உடம்பைக் குலுக்க, காலில் நோவு பிடித்து ஒரு முனகல் வந்தது. அதை விழுங்கிவிட்டு இன்னொரு தரம் இருமினாள், முதலாவது போதாதோ என்று பயந்ததுபோல.

“சளியும் புடிச்சிட்டா புள்ளைக்கு?” என்றார் இன்ஸாப் பாவமாக.

றஸாக் போத்தலோடு நின்றார். மைக்கில் ஓயாத வாய் திறக்கக் கஷ்டப்பட்டது.

“சளி இல்ல” என்றார். “இருமலும் இல்ல. நான் சொன்னது பொய், ஹாஜியார். இது மோர்பின். நோவுக்கு டொக்டர் தந்த மருந்து. இத நான் பூட்டி வெச்சிட்டு, புள்ளைக்கு ஸபுறு எண்டு ஒங்களுக்கெல்லாம் சொன்னன். என்ட பொய்யக் காப்பாத்தத்தான் அவ இருமுறா.”

ஹாஜியார் தலையாட்டவில்லை. கையிலிருந்த தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார். எழும்பிப் போவதா இருப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் இனி என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க றஸாக்குக்கு அப்போது நேரமில்லை. அலுமாரிக் கதவு திறந்தபடியே கிடக்க, சாவி அதிலேயே தொங்க, அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மிஸ்ஸி ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சிரிஞ்சியில் அளந்து அவரிடமே நீட்டினார். சொன்ன அளவு, முழு அளவு. அவர் மகளின் பக்கத்தில் இருந்து, புண் படாமல் கடைவாயோரம் வைத்து மெல்லமாக அழுத்தினார். அவள் விழுங்கிவிட்டு ஹோல் பக்கம் பார்த்தாள், பிறகு அவருடைய முகத்தைத் தேடினாள். அந்தக் கண்களைப் பார்க்க அவருக்கு வக்கில்லை. சிரிஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாப்பா, இனி இரும வேணாமா?”

“வேணாம் மகள்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப அழட்டா?”

“அழு மகள்” என்றார் றஸாக்.

இன்ஷிரா வாயைத் திறந்து அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. ஹோலில் இருந்தவர்களுக்குக் கேட்டது, முடுக்கில் போனவர்களுக்கும் கேட்டது. ஸம்ஸியா பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனாள். அவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.