ஐந்நூறு நாற்காலிகள் வராத ஞாயிறு

“இப்பள்ளி மண்ணில் விளைந்த முத்து, மேனாள் மாணவர், ஏழைச் சிறுவர்களின் கல்விக்கு ஆண்டுதோறும் அள்ளி வழங்கும் கொடையாளர், கிறிஸ்துவின் அன்பில் ஊறிய உள்ளத்தினர்.”

சித்தூரில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், உதவித்தொகை விழாவுக்கென்று அச்சிட்ட மலரில் ‘கன்னிகா டென்ட் ஹவுஸ்’ பக்கிரிசாமியைப் பற்றி இப்படி இருக்கிறது. மலர் தெலுங்கில். தமிழில் சொன்னாலும் பொய்யின் எடை குறையவில்லை.

பக்கிரிசாமி அந்தப் பள்ளியில் படித்ததில்லை. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு மாந்தோப்பில் கூலிக்குப் போனவர். பள்ளிக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. தோளில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். நெற்றியில் விபூதி, புரட்டாசியில் திருமலைக்கு நடை. கொடையைப் பொறுத்தவரை அள்ளியது உண்டு, வழங்கியது கிடையாது. மலரில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்த எல்லாருக்கும் சங்கச் செயலாளர் நாகபூஷணம் இதே நான்கு வரிகளைத்தான் போடுவார். எதிர்ப்பக்கத்து லேடீஸ் பியூட்டி பார்லரும் அந்த ஆண்கள் பள்ளி மண்ணில் விளைந்த முத்துதான்.

சங்கத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கட்டணம் கட்ட முடியாத பையன்களுக்காகப் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகளும் அங்கே படிக்க முடிகிறது. ஆனால் சும்மா கொடுத்தால் கொடுத்ததாகுமா? பந்தல், மேடை, மைக், ஜெனரேட்டர், ஐந்நூறு நாற்காலிகள், சால்வைகள், கதவு அளவுக்கு அட்டையில் செய்த செக். வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்று பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. சங்கத்தின் இடக்கையில் மைக் இருந்தது.

விழாச் செலவு போக மீதிப் பணம் பன்னிரண்டு பையன்களுக்குக் காணும். அந்த ஆண்டு மனுப் போட்டவர்கள் பத்தொன்பது பேர். இடையில் விழுந்த அந்த ஏழு பேரைத் தின்றது பெரும்பாலும் பக்கிரிசாமியின் பில்தான். ஒன்பது வருஷமாக அந்தப் பில் அவருக்கு நன்றாகவே செரித்துக்கொண்டிருந்தது.

செரிமானத்தைக் கெடுத்தவள் சுலோசனா. பந்தல் துணி வெளுத்துக் கொடுப்பவள். மகன் அந்தப் பள்ளியில் ஒன்பதாவது. ஒரு நாள் குடோன் வாசலில் அவள் துணியை அடித்த அடியில் பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, துணிய வெளுக்கிறியா, கிழிக்கிறியா?”

“லிஸ்ட்டு ஒட்டிட்டாங்கண்ணா. பன்னெண்டு பேரு. எம்புள்ள பதிமூணாவது.”

“அடுத்த வருசம் பாத்துக்கலாம், வுடு.”

“அடுத்த வருசம் அவன் மாங்கா மண்டியில கூடை தூக்கிக்கினு இருப்பான்.” துணியைப் பிழிந்து உதறினாள். “குந்திக் கை தட்ட ஐநூறு சேரு போடறீங்க. குந்திப் படிக்க ஒரு பெஞ்சு இல்லையாம்.”

“என்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் சேருக்குத்தானே துட்டு வாங்கறேன்.”

“நானும் சேரைத்தானே சொன்னேன்.”

அன்று அவர் மனம் வெதும்பிப் பட்டினி கிடந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மனைவி கன்னிகா சொன்ன கணக்குப்படி, மதியம் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் விழாவுக்குத் தேதி குறிக்கப் பள்ளியில் கூடினார்கள். சிறப்பு விருந்தினர் திருப்பதியில் மூன்று லாட்ஜுகள் வைத்திருக்கும் பழைய மாணவர். ஜூன் மாதத்து இரண்டாவது திங்களோ மூன்றாவது திங்களோ, அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவருக்குத் தோது. தலைமையாசிரியர் ஃபாதர் சுவரிலிருந்த திருச்சபைக் காலண்டரைப் பார்த்தார். நாகபூஷணமும் அதையே பார்த்தார். வீட்டில் நாகபூஷணம் என்றாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் அந்தோணி.

“ரெண்டாவது ஞாயிறு கோயில் திருநாள். மூணாவது ஞாயிறு ஒண்ணும் இல்ல. ஃப்ரீயா இருக்கு” என்றார் ஃபாதர்.

பஞ்சாங்கத்தை அந்த அறையில் மனப்பாடமாக வைத்திருந்தவர் ஒருவர்தான். டென்ட் ஹவுஸ்காரருக்கு அதுதான் வேதம். கல்யாணம் ஆகாத ஆஷாட மாதம் பிறக்குமுன் கடைசிப் பெரிய முகூர்த்தம் அந்த ஞாயிறு. தெருவுக்கு இரண்டு கல்யாணம். சித்தூருக்கும் புத்தூருக்கும் நடுவே சும்மா இருக்கும் நாற்காலி ஒன்றுகூடக் கிடைக்காது.

“நல்ல நாளு ஃபாதர், அன்னிக்கே வெச்சிக்கலாம்” என்றார் பக்கிரிசாமி.

“பக்கிரிசாமி காரு, போன வருசம் மாதிரி நாலு சேர் குறையக் கூடாது. அர்த்தமாயிந்தா?” என்றார் நாகபூஷணம்.

“நாலெல்லாம் குறையாது சார்.”

அட்வான்ஸ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நாகபூஷணமும், அவர் சிரிக்கும் ஃபிளெக்ஸ் பேனரும், இருபது சால்வைகளும் மட்டும் இருந்தார்கள். போன் போட்டார்.

“கை முறிஞ்சி பூடுச்சி சார். புத்தூர்ல கட்டு கட்டிக்கினு இருக்கேன்.”

“கைதானே முறிஞ்சது? சேருக்கு ஏமாயிந்தி, என்னாச்சு?”

“குடோன் சாவி என்கிட்ட கீது சார்.”

நாகபூஷணம் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றினார். நாகையா டென்ட் ஹவுஸில் ஒரு ஓட்டைச் சாமியானாகூட இல்லை. “இன்னிக்கு வந்து கேக்கறீங்களே, பஞ்சாங்கம் பாக்கலியா?” என்றார் நாகையா. “நாங்க எதுக்கய்யா அதைப் பாக்கணும்?” என்று கத்தினார் நாகபூஷணம்.

வகுப்பு பெஞ்சுகளை வேப்பமரத்தடியில் போட்டு விழாவை நடத்தலாம் என்றார் ஃபாதர். லாட்ஜ் அதிபரின் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது, பெஞ்சைப் பார்த்ததும் ஏறியது. தான் படித்த பள்ளியின் பெஞ்சில் உட்கார்வதற்காகவா அவர் இவ்வளவு தூரம் முன்னேறினார்? கார் திருப்பதிக்குத் திரும்பியது.

எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் பக்கிரிசாமி எந்த வைத்தியரிடமும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீயும் போண்டாவும் சாப்பிட்டுக்கொண்டு, கைக்குச் சொந்தமாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார். வீடு திரும்பியபோது கன்னிகா வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஊர்ல கீற சேரெல்லாம் கல்யாணத்துல குந்திக்கினு கீது. நம்ம சேரு மட்டும் குடோன்ல குந்திக்கினு கீது. இன்னிக்கு ரேட்டு டபுள், தெரியுமா?”

“கை வலிக்குது, சும்மா இரு.”

“எந்தக் கை?”

பக்கிரிசாமி குனிந்து, கட்டு எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

திங்கட்கிழமை அட்வான்ஸைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்தார். சங்கம் வேறு தேதி குறிக்குமுன், பள்ளிக் கணக்கில் பந்தலுக்கென்று இருந்த பணத்தை, லிஸ்ட்டில் விடுபட்ட ஏழு பேரின் கட்டணமாக ஃபாதர் வரவு வைத்து ரசீது போட்டுவிட்டார். “ரசீது போட்டாச்சு நாகபூஷணம், அழிக்க முடியாது” என்று வருத்தத்தோடு சொன்னாராம். அந்த வருத்தத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

சுலோசனா ரசீதோடு குடோனுக்கு வந்தாள். அவர் கையை ஒரு முறை பார்த்தாள்.

“இது நான் வெளுத்த பந்தல் துணியாச்சேண்ணா?”

“வேலையப் பாரு, போ” என்றார் பக்கிரிசாமி.

சங்கம் இப்போது நாகையாவிடம் போகிறது. பஞ்சாங்கமும் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அடுத்த மலரில் பக்கிரிசாமி மண்ணில் விளைந்த முத்து அல்ல. அந்த இடத்தில் நாகையா விளைந்திருக்கிறார். பள்ளிக்குப் பக்கிரிசாமி இன்றுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குடோனைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறினார்.