தடாகத்தில் ஐஸ் பிடித்த வருடம்

பலெர்மோவில் நான் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்த சின்யோராவுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று லிபெர்த்தா தெருவில், நான்காம் மாடியில். மற்றது நகரத்துக்குப் பின்னால், மலையில், கோடைக்கு மட்டும் போய் இருக்கிற வீடு. அந்த வீட்டின் முற்றத்தில் ஒரு நீச்சல் தடாகம். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கு அதற்குள் ஒரு விரல் வைக்கவும் மனம் வராது. கோடை முழுக்க அதற்குள் என்ன விழுந்தது, யார் என்ன கழுவினார்கள் என்று எனக்குத் தெரியும். கழிவை அள்ளியவள் நான்.

தடாகத்தின் சுவரில், தண்ணீர் மட்டத்தில், ஒரு சதுர வாய் இருக்கும். மேலே மிதக்கிற குப்பை அதற்குள் இழுபட்டு ஒரு பிளாஸ்டிக் கூடையில் சேரும். அந்தக் கூடையைக் கழுவுவது என் வேலை. தலைமயிர் கயிறு மாதிரித் திரண்டிருக்கும். காயத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்கள், வெள்ளையாக வீங்கிய தேரை, ஒருமுறை குட்டிகளோடு ஒரு எலி. கையுறை போட்டுத்தான் அள்ளுவேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது விரலில் அந்தக் கொழகொழப்பு இருப்பது போலவே தோன்றும். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறேன்.

தோட்டத்தையும் தடாகத்தையும் பார்க்க ஒருவர் இருந்தார். சண்டை முடிந்த பிறகு வன்னியில் இருந்து வந்தவர், ஐம்பது தாண்டியவர். ஊரில் தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் திருத்தினவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அவருடைய பழைய வான் வண்டியில் இருவரும் மலைக்குப் போவோம். குளிர்காலத்துக்காகத் தடாகத்தை மூடுகிற நாள் அது.

பலெர்மோவில் தண்ணீர் உறையுமா என்று கேட்பவர்கள் கடற்கரையை மட்டும் பார்த்தவர்கள். கீழே மொண்டெல்லோவில் தோடை மரம் காய்த்து நிற்கும்போது மேலே மலையில் வாளித் தண்ணீரில் ஐஸ் பிடித்திருக்கும். எல்லா வருடமும் இல்லை. ஆனால் எந்த வருடம் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது.

முதல் வருடம் நான் கேட்டேன். "அண்ணை, தண்ணி உறைஞ்சால் உறையட்டுமன். பிறகு உருகுந்தானே?"

"தண்ணி உருகும் தங்கச்சி. குழாய் திரும்ப ஒட்டாது. ஒரு கண்ணாடிப் போத்தலிலை தண்ணியை நிறைச்சு மூடி, பிரீசருக்குள்ளை வைச்சுப் பார். காலமை வெடிச்சுக் கிடக்கும். ஐஸ் ஆனால் தண்ணிக்கு இடம் காணாது."

அவர் வேலை செய்கிற ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். முதலில் அந்தச் சதுர வாய்க்குக் கீழே வரும்வரை தண்ணீரை இறக்குவார். பிறகு நிலத்துக்குக் கீழே இருக்கும் பம்ப் அறைக்குள் இறங்கி, பம்பிலும் பீப்பாய் மாதிரியான வடிகட்டித் தாங்கியிலும் அடிமூடிகளைக் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரை எல்லாம் வெளியே விடுவார். குழாய்களுக்குள் காற்றை ஊதி, ரப்பர் அடைப்பான்களால் வாயை அடைப்பார். கடைசியாக, வெறும் போத்தல்களில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, கயிற்றில் கோர்த்து, தடாகத்துக்குக் குறுக்கே மிதக்க விடுவார். மேலே ஐஸ் பிடித்தால் அது சுவரை நெரிக்காமல் போத்தல்களை நெரிக்கும். அதற்கு மேலே தடித்த விரிப்பு. சின்யோராவின் சோடாத் தண்ணீர்ப் போத்தல்களைச் சேர்த்துக் கொடுப்பது நான்.

பம்ப் அறைக்குள் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வெளியே விடுகிற தண்ணீர் கறுப்பாக, சளி சளியாக வரும். அவர் முகம் சுழிக்காமல் வெறுங்கையால் வழித்து எடுப்பார். எனக்கு ஓங்காளம் வரும். "உங்களுக்கு அருவருப்பு இல்லையோ?" என்று கேட்டதற்கு, "இதிலை என்ன அருவருப்பு, ஊத்தை தானே" என்றார்.

நான் சொல்ல வந்த வருடம், எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டு வந்தோம். மார்கழி கடைசியில் சின்யோராவின் மகன் மிலானோவில் இருந்து வந்தான். நாற்பத்தைந்து வயது. கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிறவன். புதுவருடத்தை நண்பர்களோடு மலை வீட்டில் கொண்டாடப் போகிறான், தடாகத்தைத் திறந்து விளக்குப் போட வேண்டும் என்றான்.

அண்ணை தனக்குத் தெரிந்த இத்தாலியனில் மறுத்துப் பார்த்தார். அவருடைய இத்தாலியனில் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். "திறந்தால் தண்ணீர் சுற்ற வேண்டும். எப்போதும் சுற்ற வேண்டும். குளிர் முடியும்வரை பம்ப் நிற்கக் கூடாது."

மகன் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, கையைச் சுழற்றிக் காட்டி, நண்பனுக்குச் சொல்லிச் சிரித்தான். நண்பனும் சிரித்தான். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்கும். நான் குசினி வாசலில், சமைத்த சட்டியைத் துடைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடையில் கிடந்த எதுவும் எனக்கு அவ்வளவு அருவருப்பைத் தரவில்லை.

ஒரு பகல் முழுவதும் வேலை செய்து அண்ணை தடாகத்தைத் திறந்தார். நத்தார், புதுவருட விடுமுறையை அவர் இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லி, ஒரு கிழமைக்கு வரவேண்டாம் என்று மகன் அனுப்பிவிட்டான்.

வருடப் பிறப்பன்று காலை துப்புரவு செய்ய என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினேன். மேசையில் பன்றிக் கால் இறைச்சியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, அதில் பருப்பு ஒட்டியிருந்தது. பருப்புக்குள் சிகரெட்டைக் குத்தி அணைத்திருந்தார்கள். அலரிச் செடிக்குள் யாரோ சத்தி எடுத்திருந்தார்கள். தடாகத்தின் கரை முழுக்கச் சிப்பிக் கோதுகள். இன்னொரு வீட்டிலும் இதுதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டு வாளியை நிரப்பினேன்.

மத்தியானம் மகன் விமானத்துக்கு அவசரப்பட்டான். குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கித் திறந்து வைத்தான். பிறகு குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். வெளியே பம்பின் இரைச்சல் நின்றது.

நான் தும்புத்தடியோடு அவனுக்கு இரண்டு அடி தூரத்தில் நின்றேன். "பம்ப்…" என்றேன். "அது ஓடவேண்டும் என்று அவர் சொன்னவர்."

"இது சிசிலி," என்றான். "நோர்வே இல்லை." வீட்டைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகிற வழியில் என்னை என் தெருவில் இறக்கிவிட்டான்.

அண்ணைக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். வீட்டுத் திறப்பு அவரிடம் இல்லைதான். ஆனால் பம்ப் அறைத் திறப்பு இருந்தது. தெரிந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வெளியே விட்டிருப்பார். நான் எடுக்கவில்லை. உடம்பெல்லாம் பன்றிக் கொழுப்பு மணந்தது. முதலில் முழுகவேண்டும் என்று நினைத்தேன். பிறகு, எனக்கென்ன, வெடித்தால் அவர்களுடையதுதானே வெடிக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வெடிக்கட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். அந்த வெடி யாருடைய தலையில் விழும் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வடக்குக் காற்று வந்தது. லிபெர்த்தா வீட்டின் பல்கனியில் நின்று சின்யோரா மலையைக் காட்டினார். உச்சி எல்லாம் வெள்ளை. "எவ்வளவு அழகு, வந்து பார்," என்றார். போய்ப் பார்த்தேன். பம்ப் நிற்கிறது என்று அப்போதும் சொல்லவில்லை.

கிழமை முடிந்து அண்ணை மலைக்குப் போனார். போன கையோடு சின்யோராவுக்குத் தொலைபேசி எடுத்தார். விமானத்துக்குப் போகமுன் மகன் வீட்டுத் திறப்பைத் தாயிடம் கொடுத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு சின்யோராவும் நானும் டாக்சியில் போனோம்.

வடிகட்டித் தாங்கி பிளந்த பூசணிக்காய் போல வாய் திறந்து நின்றது. பம்பின் முன்பக்கம் இரண்டாக உடைந்திருந்தது. குழாய்கள் நீளவாக்கில் கிழிந்திருந்தன. ஐஸ் உருகின பிறகு அந்த வெடிப்பு வழியே தண்ணீர் ஓடி, பம்ப் அறையை நிரப்பி, தடாகத்தை அடி தெரிகிற அளவுக்கு வெறுமையாக்கிவிட்டது. கரையோரத்து ஓடுகள் கழன்று அடியில் கிடந்தன. அந்த அடியைப் பார்த்தேன். பச்சைச் சளிக்குள் சிப்பிக் கோதுகள், ஊறி வெடித்த சுருட்டு, ஒட்டு நகங்கள், ஓர் ஆணின் உள்ளாடை, வயிறு மேலே பார்க்கக் கிடந்த எலி. பிண நாற்றம் எழும்பி வந்தது. சின்யோரா வாசனைக் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மகனின் குரல் எங்கள் மூவருக்கும் கேட்டது. "நான் நிறுத்தவில்லை. அந்தத் தோட்டக்காரன் ஏதாவது தொட்டிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?"

அண்ணை சொன்னார்: "சின்யோரா, சுவிட்ச் வீட்டுக்குள்ளே. வீட்டுத் திறப்பு என்னிடம் இல்லை."

சின்யோரா என் பக்கம் திரும்பினார். "அன்று நீ அங்கே நின்றாயே. யார் நிறுத்தினது?"

என்னுடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அனுமதி, அந்த மாதம் முடிய இருந்தது. அதைப் புதுப்பிக்கச் சின்யோரா கையெழுத்திட வேண்டிய வேலைக் கடிதம் அவருடைய மேசையில் ஒரு கிழமையாகக் கிடந்தது. என் பெயரில்தான் என் பிள்ளைகளின் பத்திரங்களும் ஓடுகின்றன. இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்தேன் என்று சொல்வது பொய். யோசிக்கமுன்னமே வாய் சொல்லிவிட்டது.

"நான் குசினியில் நின்றேன் சின்யோரா. பார்க்கவில்லை."

மெயின் சுவிட்ச் இருப்பதே குசினியில்தான். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணை என்னைப் பார்த்தார். நான் தடாகத்துக்குள் எலியைப் பார்த்தேன்.

அன்று முழுவதும் அந்தச் சளியை அள்ளினோம், அவரும் நானும். பின்னேரம் சின்யோரா அவரை இனி வரவேண்டாம் என்றார். அவர் பம்ப் அறைத் திறப்பையும் ரப்பர் அடைப்பான்கள் இருந்த பையையும் படியில் வைத்தார். வழமைபோல என்னை வானில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ரெஸ்டோரண்ட் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ செய்தது பிழை எண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்," என்றார். "ஆனா இப்ப வாயைத் திறவாதை. முதல்லை கடிதம் வரட்டும்."

அதைத்தான் செய்தேன். வெடிப்பதற்கு முன் சொல்லவில்லை, வெடித்த பிறகும் சொல்லவில்லை. கடிதத்தில் கையெழுத்து விழும்வரை பொறுத்திருந்தேன். அந்த இரண்டு கிழமையும் எனக்கு என் கையால் சமைத்ததைச் சாப்பிட முடியவில்லை.

கடிதம் கிடைத்த மறுநாள், சின்யோரா மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று சொன்னேன். "மெயின் சுவிட்சை உங்கள் மகன்தான் நிறுத்தினவர். நான் பார்த்தேன். பம்ப் என்று சொல்லியும் பார்த்தேன்."

அவர் தோலைச் சுருள் அறாமல் உரித்து முடித்தார். "எனக்கு அன்றைக்கே தெரியும்," என்றார். "தோட்டக்காரனிடம் திறப்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மகன் மகன்தான்." பிறகு ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "நீ கெட்டிக்காரி. அன்று அந்தத் தோட்டக்காரன் முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தாயே, அது நல்லது."

நான் சுளையை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. குசினிக்குள் போய்க் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைத் தன்னுடைய ஆளாக எண்ணிப் புகழ்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பல்லரோ சந்தையில் அண்ணையைக் கண்டேன். மீன் தட்டுக்கு முன்னால் சூடை மீன் பார்த்துக்கொண்டு நின்றார். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்திருந்தது. நடந்ததை முழுவதும் சொன்னேன். கடிதத்துக்காகப் பொறுத்திருந்ததையும் மறைக்கவில்லை.

"அண்ணை, நான் சின்யோராவிட்டைச் சொல்லிப்போட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"தனக்கு முதலே தெரியுமாம்."

அவர் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அண்டைக்குச் சொல்லியிருக்கலாம் தங்கச்சி. வேலைக்காக இல்லை. வேலை எங்கையும் எடுக்கலாம். அவன் எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லேக்கை, 'இல்லை, அவருக்குத் தெரியும்' எண்டு ஒரு ஆள் சொல்லியிருந்தால் எனக்குக் காணும்."

"ஓம் அண்ணை," என்றேன்.

"பெர்மெஸ்ஸோ வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. பத்திரம் குடுத்தாச்சு."

"அப்ப சரி," என்று சொல்லி, மீன்காரனிடம் அரைக் கிலோ நிறுக்கச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பவில்லை. போனேன்.

அந்தக் கார்த்திகையில் சின்யோரா என்னைக் கூப்பிட்டு, புது பம்ப் போட்டாயிற்று, இந்த முறை நீயே போய்த் தடாகத்தை மூடிவிட்டு வா, நீ பார்த்திருக்கிறாய்தானே என்றார். பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு மூடியும் எந்தப் பக்கம் கழலும் என்றுகூட எனக்குத் தெரியும்.

"அது அவருக்குத் தெரிந்த வேலை," என்றேன். "எனக்கு இல்லை. அவரைக் கூப்பிடுங்கள்."

சின்யோரா என்னை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். மாத முடிவில் அந்த வேலையை விட்டு நின்றுவிட்டேன். இப்போது ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைக் காலையில் துப்புரவு செய்கிறேன். துப்புகிற கிண்ணங்களை நான்தான் கழுவுகிறேன், இரத்தமும் எச்சிலுமாக. அதற்கு எனக்கு ஓங்காளம் வருவதில்லை.

அண்ணையைக் கோவிலில் காண்பேன். என் கணவரோடு நின்று நெடுநேரம் கதைப்பார். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.