மாத்திரைக்குப் பிந்தைய ஜெபம்

எங்கள் தென்காசி சபையில் நீண்ட ஜெபம் என் பொறுப்பு. ஒரு ஞாயிறு, பாதி ஜெபத்தில் நின்றுவிட்டேனாம். கண் திறந்திருக்க, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். யாரும் பதறவில்லை. ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். சில மாதங்களாகவே ஜெபத்தில் வயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு நெஞ்சுக்கு ஏறும். யாரோ அருகில் நிற்பது போலிருக்கும். கர்த்தர்தான், வேறு யார்?

நான் வேதாகமக் கல்லூரியில் இறையியல் கற்பிக்கிறவன். ஜெபிக்கிறவர்களின் மூளைப் படங்களைத் திரையில் காட்டி, ஜெபம் மூளையில் தெரிகிறது என்பதால் பக்தி பொய்யாகிவிடாது என்று அடித்துப் பேசுவேன். அடுத்தவர் மூளை என்றால் பேசுவது சுலபம்.

சோற்றில் கைவைத்தபடி நான் அதே போல் உறைந்த அன்று, மனைவி கிரேஸ் சொன்னாள்: "சாப்பிடும்போதுகூடவா ஆவியோட அபிஷேகம் வருது? டாக்டர்ட்ட போவோம், வாங்க."

சபையின் அந்த ஞாயிறு நேரலைக் காணொளியை மருத்துவர் கைபேசியில் இரண்டு முறை பார்த்தார். பிறகு இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை). டெம்பொரல் மடல் வலிப்பு என்றார் (காதை ஒட்டிய மூளைப்பகுதியில் எழுவது, பெரும்பாலும் கைகால் வெட்டாது, சற்று நேரம் நினைவு தப்பும்).

"மாத்திரைய விட்டுராதீங்க சார். பைக் ஓட்டக் கூடாது. குற்றாலத்துல தனியா அருவிக்குப் போகாதீங்க."

"அந்த வெதுவெதுப்பு?"

"அதுதான் வலிப்போட தொடக்கம். மாத்திரை பிடிச்சா அதுவும் நின்னுரும்."

நின்றுவிட்டது. இப்போது ஜெபித்தால் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. அழுகை வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி மரத்துப்போயிருந்தால், உங்கள் விசுவாசம் செத்துவிட்டதென்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். எனக்கும் இன்னும் தெரியவில்லை.

மேலகரத்தில் எங்கள் சபை எஸ்தர் அக்காவின் கணவர் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்தார். அக்கா போனில் கெஞ்சினார்: "அன்னைக்குச் சபையில செஞ்சீங்கள்லா, அதே மாதிரி ஜெபிக்கணும் சார்."

அங்கே போகவேண்டிய அன்று காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதை விட்டால் அந்த வெதுவெதுப்பு ஒருவேளை திரும்ப வரும். கிரேஸ் தண்ணீரோடு நின்றாள். வலிப்பை வரவழைத்து, கர்த்தர் என்று அக்காவிடம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விழுங்கினேன். கிரேஸ்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள்.

அக்கா கணவரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். வலி குறையட்டும், தூக்கம் வரட்டும், அக்காவுக்குப் பெலன் கிடைக்கட்டும் என்று கேட்டேன். ஆமென் சொன்னேன். அக்கா கண் திறந்து காத்திருந்தார்.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான் அக்கா."

அக்காவுக்கு ஏமாற்றம், மறைக்கவில்லை. எழப்போனேன். அவர் கணவர் என் கையை விடவில்லை. எனக்குள் எதுவும் ஏறவில்லை, அருகில் யாரும் நிற்கவில்லை. முன்பென்றால் இந்த நேரம் எனக்கு நினைவிலேயே இருந்திருக்காது. இப்போது முழுதாக இருந்தது, அவர் விரல்களின் சூடு உட்பட. அவராக விடும்வரை உட்கார்ந்திருந்தேன்.