கல்யாண மாதத்துக்கும் சேர்த்து ஒரு பாலிசி

எங்கள் ஹோட்டல் சமையல்காரர் ராமையா நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில், அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி செல்வி பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.

"சார், அவுக இப்ப லீவுலதான இருக்காக. இன்சூரன்ஸ் கார்டு செல்லுமா?"

"செல்லும்மா. மொதல்ல மதுரைக்குக் கெளம்புங்க" என்றேன். தயங்காமல் அப்படிச் சொல்ல முடிந்தது எங்கள் முதலாளி மீனாட்சி ஆச்சியின் புண்ணியம்.

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துபவர் ஆச்சி. நான் அங்கே ஹெச்.ஆர். மேனேஜர். முகூர்த்த மாதம் பிறந்தால் எங்கள் சமையல்காரர்களில் பாதிப் பேர் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்கள். ஊர் வழக்கம், யார் தடுப்பது? முன்பெல்லாம் போகும்போது ஊழியர்களுக்கான குரூப் மெடிக்ளெய்ம் காப்பீட்டிலிருந்து பெயரை எடுப்போம், வந்ததும் சேர்ப்போம். பிரீமியம் மிச்சம் என்று ஆடிட்டருக்கு ஏக சந்தோஷம். ஆனால் எங்கள் பாலிசியில் புதிதாகச் சேர்க்கும்போதெல்லாம் பழைய நோய்களுக்குப் பணம் தராத வெயிட்டிங் பீரியட் முதலிலிருந்து தொடங்கும். ராமையாவுக்கோ சர்க்கரை உண்டு; அதனால் நெஞ்சுக்கு ஏதாவது வந்தாலும் பணம் கிடைக்காது. இப்படியே போனால் அவருக்கு அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது.

சில வருடங்களுக்கு முன் பாலிசியைப் புதுப்பிக்கும் ரினிவல் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

"இந்த வருஷத்தைப் பாருங்க சார். பின்னால வர்றதை அப்பப் பாத்துக்கலாம்" என்றார் ஆடிட்டர்.

ஆச்சியின் சமூகமான நகரத்தாரின் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகப் பதிவாவார்கள். ஆச்சி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் மலேசியாவுல இருக்காக. அதுக்காக இளையாத்தங்குடிக் கோயில்ல அவுக புள்ளியை எடுத்துட்டாகளா? நாலு பந்திக்குச் சமைக்கப் போனவக பேரை மட்டும் ஏன் வெட்டுறீக?"

அதன்பின் கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் சம்பளமில்லாத விடுப்பில் போனார்கள். பெயர் பாலிசியிலேயே இருந்தது. ராமையா நெஞ்சைப் பிடித்த நாளுக்கு முன்பே அவருடைய வெயிட்டிங் பீரியட் முடிந்திருந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாளில் மெடிக்ளெய்ம் கார்டை ஆச்சியின் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு வேறொரு கார்டை நீட்டினார். என் பெயரும் என் மனைவி பெயரும் அதில் இருந்தன.

"ஓய்வாகிப் போறவகளுக்குத் தனியா ஒரு பாலிசி போட்டாச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க ஒரு புள்ளி. எங்குட்டு இருந்தாலும் சரி."

இத்தனை வருடம் எல்லோருக்கும் திட்டம் போட்டவன், என் முதுமையை நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, ஆள் வேலைக்கு வராத நாளையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

போன வாரம் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். கார்டு செல்லுமா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.