கேஸா கரண்டா: அக்கா வாங்கிய லோடு வண்டி

என் அக்கா கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்துப் போய்ச் சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பவள். வழக்கமாக வரும் வாடகை வேன்காரர் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால், சொந்தமாக ஒரு மூன்று சக்கர லோடு வண்டி வாங்க முடிவெடுத்தாள். ஓட்டுவதற்கு அவள் வீட்டுக்காரர், என் மாமா, இருந்தார். முழங்கால் வலியால் அவர் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கேஸ் வண்டியா, பேட்டரி வண்டியா என்பதுதான் கேள்வி. நான் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அதனால் கேள்வி என்னிடம் வந்தது.

"நீ கரண்டுதான் சொல்லுவ, எனக்குத் தெரியும்" என்றார் மாமா.

நான் கேஸ் என்றேன். பேட்டரி வண்டி விலை ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். பாரம் ஏற்றினால் ஒரே சார்ஜில் சிதம்பரம் போய்த் திரும்புவது சந்தேகம்.

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு" என்றாள் அக்கா.

இரண்டு நாள் லீவு போட்டேன். முதல் நாள் நண்பர் ஒருவரின் கேஸ் வண்டி. மறுநாள் ஷோரூமில் கேட்டு வாங்கிய பேட்டரி வண்டி. இரண்டு நாளும் அதே நாலு பெட்டி மீன், அதே அளவு ஐஸ். ஓட்டியது மாமா. நான் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

கேஸ் வண்டி தாராளமாகப் போய்த் திரும்பியது. பங்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். போக வர முன்னூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு.

பேட்டரி வண்டி சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அக்காவிடம் தினமும் மீன் வாங்கும் மெஸ்காரரிடம் பிளக் கேட்டேன். "மீட்டரப் பாத்துக் காசு குடுத்துடுங்க, போதும்" என்றார். மூன்று மணி நேரம் வண்டி அங்கேயே நின்றது. அந்தக் கரண்டையும் சேர்த்து எண்பது ரூபாய் தாண்டவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். "செலவு கம்மிதான். ஆனா தெனமும் மூணு மணி நேரம் வண்டி சும்மா நிக்குது. கேஸே வாங்கிடு" என்றேன்.

"வண்டி நின்னா எனக்கென்னடா? அந்த நேரமெல்லாம் நான் உக்காந்து வித்துக்கிட்டுதான இருக்கேன்" என்றாள். "நேத்து ஐஸ் எவ்ளோ கரைஞ்சி போயிருந்துச்சு, பாத்தியா? இன்னிக்கு மதியம் வரைக்கும் பெட்டிக்கு அடியில கட்டியா கெடந்துச்சு."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. கேஸ் வண்டியில் இஞ்சின் பின்னால், பெட்டிகள் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கிறது. எரிகிற கேஸில் பெரும்பகுதி சூடாக வீணாகிறது, மோட்டாரில் அவ்வளவு வீணாவதில்லை என்று ஐ.டி.ஐ.யில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். வீணாகிற சூடு என் அக்காவின் மீனுக்கு அடியில் போய் உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் ஐஸ் என்று ஒரு வரிகூட இல்லை. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"பேட்டரி போச்சுன்னா?" என்றார் மாமா.

"இஞ்சின் மட்டும் போவாதா?" என்றாள்.

பேட்டரி வண்டியையே வாங்கினார்கள். வீட்டில் சார்ஜ் போட நானே தனி லைன் இழுத்து, எர்த் அடித்துக் கொடுத்தேன். சத்தமே இல்லாததால் போகிற வழியில் ஆலப்பாக்கம் கடைத்தெருவில் ஆடுகள் விலகுவதில்லை, ஹாரன் அடித்தே கை வலிக்கிறது என்று மாமா முதல் மாதம் முழுக்கப் புலம்பினார்.

ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் இரண்டு நாள் கரண்டு இல்லை. படகுகள் போகாததால் முதல் நாள் மீனும் இல்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் மீன் வந்தது, ஆனால் சார்ஜ் போடுவதற்கு முன்பே கரண்டு போயிருந்ததால் வண்டியில் சார்ஜ் இல்லை. அக்கா ஒரே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். கண்டக்டர் கூடைக்கும் டிக்கெட் போட்டார்.