மனாசே வாசித்த தலைவர்களின் வாழ்த்து

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கிறிஸ்துமஸ் ஆடி மாசமே வந்துவிடும். வெளிநாட்டுக் குழந்தைகள் டிசம்பர் குளிரில் போட்டுக்கொள்ளப்போகும் கலைமான் படச் சட்டைகளை, இங்கே வேர்த்து விறுவிறுத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி வெட்டுகிறவர்களில் ஒருவர் சாமளாபுரத்து மனாசே. ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டிங் டேபிளுக்கு அடியில் துண்டுத் துணி பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டர் ஆனவர். அவர் கத்தி வைக்கிற இடத்தில்தான் கம்பெனியின் லாபம் இருக்கிறது என்று முதலாளியே சொல்லுவார். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் அவருக்கு அது மறந்துவிடும்.

தேவையானதை எடு, மற்றதை வேஸ்ட் மூட்டையில் போடு. இதுதான் மனாசேயின் தொழில். தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர் வாய்க்கு வந்த பேச்சையும் கைக்கு வந்த காகிதத்தையும் அப்படியே வெட்டிப் பழகிவிட்டார். மனைவி லீதியாள் தன் தங்கை வீட்டுக் கதையை ஆரம்பித்தால், "நடுவால இருக்கறத மட்டும் சொல்லு புள்ள" என்பார். அவளுக்கு வருகிற கோபத்தைச் சொல்லி மாளாது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்ததும் வாசல் பந்தலில் ஊரே வந்து உட்காரும். முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். சாப்பாட்டுக்கு முன்னால், அன்றைய பேப்பரில் வந்திருக்கும் தேசத் தலைவர்களின் கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஒருவர் மைக்கில் வாசிக்க வேண்டும். யார் ஆரம்பித்தது, எதற்கு ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வாசிக்காமல் பிரியாணி அண்டா திறக்காது. கிறிஸ்துமஸின் பொருள் அன்பு என்பார் ஒரு தலைவர், தியாகம் என்பார் இன்னொருவர், சேவை என்பார் மற்றொருவர். "பாஸ்டர் ஒரு மணி நேரம் சொன்னத இவுங்க நாலு வரில முடிச்சுப்போட்டாங்க" என்று பசித்தவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

ரொம்ப வருஷமாக வாசிப்பவர் மனாசேதான். நல்ல கணீர்க் குரல். ஆனால் அந்த வாழ்த்துகளையும் அவர் சும்மா விடவில்லை. எந்த ஆட்சியில் என்ன திட்டம் வந்தது, யார் யாருக்குப் பாதுகாவலர் என்கிற பகுதியெல்லாம் அவர் கணக்கில் வேஸ்ட். பென்சிலால் கோடு போட்டு ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய இடத்தில் பேச்சு அந்தரத்தில் நிற்குமில்லையா? அங்கே சொந்தமாக ஒரு வரி சேர்த்து ஒட்டுப் போட்டுக்கொள்வார். வருஷம் போகப் போக வெட்டும் பெருத்தது, ஒட்டும் பெருத்தது. யாரும் கண்டுபிடித்ததில்லை. வாழ்த்தை வீட்டுக்குப் போய்ப் பேப்பரோடு ஒத்துப் பார்க்க யாருக்கு வேலை இல்லாமல் இருக்கிறது?

இந்த வருஷம்தான் வினை வந்தது. மகள் கீதாஞ்சலியும், அவளோடு வேலை பார்க்கும் நிதிஷும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். நிதிஷின் அப்பா சிவசுப்பிரமணியம் தறிக்குடோன் வைத்திருப்பவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற முருக பக்தர். முடியாது என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் மாசக்கணக்காக வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்த மனுஷர், கடைசியில் மகனிடம் ஒன்று சொன்னார்: "கிறிஸ்துமஸ் அன்னிக்கு அங்க வர்றேன். பாத்துப்போட்டு அன்னிக்கே முடிவு சொல்லிப்போடறேன்."

என்னத்தைப் பார்க்கப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. மார்கழியில் கவுச்சி தொடாதவர் என்று லீதியாள் தேங்காய்ப்பால் சாதம் தனியாகச் செய்தாள். கீதாஞ்சலி காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. மனாசேக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

சிவசுப்பிரமணியம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மைக்கைப் பிடித்தபடி மனாசே அவரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய மனுஷர், கூட்டத்தில் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று மனசு என்னவோ செய்தது. அந்த இளக்கத்தில், டெல்லித் தலைவர் ஒருவரின் வாழ்த்து நடுவே கோடு போட்ட இடம் வந்ததும், வாய் தானாகவே பேசிவிட்டது:

"தன் வீட்டுச் சாமியைத் தன் மனம்போலக் கும்பிட்டுக்கொண்டே, அடுத்த வீட்டுப் பண்டிகைக்கு வந்து வயிறார உண்டு மகிழ்வதே கிறிஸ்துமஸின் பொருளாகும். யாருக்காகவும் யாரும் தம் கும்பிடுதலை விட வேண்டியதில்லை. விடச் சொல்வது அன்பும் ஆகாது."

பந்தலில் கைதட்டல். பாஸ்டர் மட்டும் புருவத்தைத் தூக்கினார். மனாசே பெருமையாக நிமிர்ந்தார். அப்போதுதான் பார்த்தார்: சிவசுப்பிரமணியத்தின் மடியில் அதே பேப்பர், அதே பக்கம் விரித்துக் கிடந்தது. விரலை வரிமேல் வைத்து மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார்.

மீதி வாழ்த்துகளை மனாசே எப்படி வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. அதற்கப்புறம் ஒரு வரிகூட வெட்டவில்லை. திட்டங்களின் பட்டியல் மொத்தமும் ஊருக்குக் கேட்டது. பசியில் இருந்தவர்கள் அவரை மனசுக்குள் வைதிருப்பார்கள்.

மனாசே மேடையை விட்டு இறங்கி வந்ததும் சிவசுப்பிரமணியம் பேப்பரோடு எழுந்து நின்றார். நிதிஷும் கீதாஞ்சலியும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"ஏனுங்க, நானு தினமும் பேப்பரை ஒரு வரி உடாம படிக்கறவனுங்க. நீங்க படிச்சது இதுல இல்லீங்களே?"

தொலைக்காட்சியில் சொன்னாருங்க என்று ஒரு பொய் மனாசேயின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பண்டிகை நாளும் அதுவுமாக, கோயில் வாசலில், சம்பந்தம் பேச வந்தவரிடம் பொய்யா? மானம் போனால் போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லீங்க. அது நாஞ் சொன்னதுங்க. தேவையில்லாதத வெட்டிப்போட்டு நடுவால நானா சேத்துப்போட்டேன். தப்புத்தானுங்க."

"எதுக்குச் சேத்தீங்க?"

"உங்களப் பாத்ததும் சொல்லோணும்னு தோணுச்சுங்க."

"மனசாரச் சொன்னீங்களா?"

"மனசாரத்தானுங்க."

சிவசுப்பிரமணியம் பேப்பரை மடித்தார்.

"எனக்கு ஒரே பையனுங்க," என்றார் அவர். "கல்யாணம் ஆச்சுன்னா அவன் முருகனை உட்டுப்போடோணும்னு சொல்லுவீங்களோன்னு எத்தனை நாளாத் தூக்கமில்லைங்க. எப்படிக் கேக்கறதுன்னும் தெரியலைங்க. நீங்க மைக்குல படிக்கறப்ப, இத டெல்லிக்காரருதான் சொல்லிப்போட்டாரோ, நீங்க சும்மா படிக்கறீங்களோன்னுதான் பேப்பர்ல தேடினேன். இருந்துருமோன்னு பயந்து பயந்து தேடினேனுங்க."

மனாசேக்கு ஒன்றும் புரியவில்லை. "இருந்தா என்னங்க?"

"டெல்லிக்காரரு சொல்லியிருந்தா அது வாழ்த்துங்க. கேட்டுப்போட்டுச் சாப்பிட்டுப் போயிருப்பேன். நீங்க சொன்னீங்கன்னா அது வாக்குங்க, சம்பந்தி."

கடைசிச் சொல் காதில் விழுந்ததும் மனாசே பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல் அசடு வழிய அவர் உட்கார்ந்திருக்க, அவ்வளவு நேரமும் காலியாகக் கிடந்த அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிவசுப்பிரமணியமும் உட்கார்ந்தார்.

"பொண்ணு காலைலயிருந்து சாப்புடலைன்னு பையன் சொன்னானுங்க," என்றார். "மொதல்ல அவளுக்கு எல போடச் சொல்லுங்க."